கூட்டத்துக்கு வேண்டாம், வரிசைக்கு அழைத்துப் போங்கள்

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் மதியம் அரசுப் பள்ளியின் முகமே மாறிவிடும். ஐந்தாம் வகுப்பின் பெஞ்சுகள் வராண்டாவுக்கு வந்துவிடும். கரும்பலகையில் எழுதிய திருக்குறள் அழியாமல் அப்படியே இருக்கும். அதன் எதிரே அட்டைத் தடுப்பு வைத்த ஒரு மேசை முளைத்திருக்கும். சுவரில் பாகம் எண் ஒட்டியிருப்பார்கள். மாலைக்குள் போலீஸ் பாதுகாப்போடு இயந்திரங்கள் வந்து இறங்கும். வேறு ஊரிலிருந்து தேர்தல் டூட்டிக்கு வந்த ஆசிரியர்கள் அன்றிரவு அந்த வகுப்பறையிலேயே பாய் விரித்துப் படுப்பார்கள். அந்த அறையில் தினமும் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு மட்டும் மறுநாள் விடுமுறை. "நாங்க ஓட்டுப் போட்டுட்டு வந்துடறோம், நீ டி.வி. பாத்துக்கிட்டு இரு" என்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறோம்.

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஒரே கட்டமாக வாக்குப்பதிவு நடந்தது. நாடு முழுவதும் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 97 கோடி. வாக்களித்தவர்கள் 64 கோடிக்கும் மேல். உலகத்தில் மனிதர்கள் சேர்ந்து செய்கிற காரியங்களில் இதைவிடப் பெரியது ஒன்றைச் சொல்வது கடினம். அவ்வளவு பெரிய காரியம் ஒரு பிள்ளையின் சொந்த வகுப்பறைக்கே வந்து நடக்கிறது. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையை அங்கிருந்து விலக்கி வைக்கிறோம்.

இதே குடும்பங்களில் பல, தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, தலைவர் வருகிறார் என்றால் அதே பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு இரவு பத்து மணி வரை நெரிசலில் நின்றவைதான். அரசியலுக்குள் பிள்ளைகளை அழைத்துப் போகிற வழியை நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம். கூட்டத்துக்குக் கூட்டிப் போகிறோம். வரிசைக்குக் கூட்டிப் போவதில்லை. கூட்டத்தில் பிள்ளைக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். வரிசையில் நாடு இயங்குகிற விதம் தெரியும். இந்தக் கட்டுரைக்குச் சொல்ல இருப்பது அதுதான்.

வாசல் வரை யார் போகலாம்?

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில், வாக்குச்சாவடிக்குள் யார் யாரை அனுமதிக்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தேர்தல் பணியாளர்கள், வேட்பாளர்கள், அவர்களின் முகவர்கள், பார்வையற்ற அல்லது முடியாத வாக்காளருக்குத் துணையாக வருபவர் என்று போகும் அந்தப் பட்டியலில், வாக்காளர் கையில் தூக்கி வரும் குழந்தைக்கும் ஓர் இடம் இருக்கிறது. விதியை எழுதியவர் ஒரு தாயை மனதில் வைத்து எழுதியிருக்கிறார். கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு அவள் ஓட்டுப் போட வருவாள்?

நடக்கிற வயது வந்த பிள்ளைக்கு அந்த விதியில் இடம் இல்லை. ஆகவே எட்டு வயதுப் பிள்ளையை அறைக்குள் இழுத்துக்கொண்டு போய், தலைமை அலுவலரிடம் வாக்குவாதம் செய்ய வேண்டாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரிசை தனித்தனி. அம்மா உள்ளே போகும்போது அப்பாவிடமும், அப்பா போகும்போது அம்மாவிடமும் பிள்ளை நிற்கட்டும். வாசலுக்கு வெளியிலேயே பார்ப்பதற்கு ஏராளமாக இருக்கிறது.

வாசலுக்கு வெகு தூரம் முன்பே, கட்சிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். 100 மீட்டருக்குள் அந்த மேசை வரக் கூடாது. அந்த எல்லைக்குள் யாரும் யாரிடமும் ஓட்டுக் கேட்கவும் கூடாது. ஒரு மாதமாக ஒலிபெருக்கியில் ஊரையே அதிரவைத்தவர்கள் ஒரு கோட்டுக்கு அப்பால் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பது பிள்ளைக்குப் பெரிய ஆச்சரியமாக இருக்கும். ஏன் என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினாலே பாதிப் பாடம் முடிந்தது.

வெளிச் சுவரில் வேட்பாளர் பட்டியல் ஒட்டியிருக்கும். பிள்ளை படிக்கட்டும். நாம் கேள்விப்படாத பெயர்கள், சுயேச்சைகள், கிரிக்கெட் மட்டை, பலாப்பழம் என்று விதவிதமான சின்னங்கள். இத்தனை பேர் நிற்கலாமா என்று கேட்டால் மொடக்குறிச்சியின் கதையைச் சொல்லலாம். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் குறைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் திரண்டு வந்து வேட்புமனு போட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைக்க வேண்டிவந்தது. தேர்தலையே தள்ளிவைக்க வேண்டிவந்தது. அந்த ஆண்டே டெபாசிட் தொகையைப் பல மடங்கு உயர்த்தினார்கள். அந்தப் போராட்டத்தையும், டெபாசிட் ஏறினால் ஏழை எப்படித் தேர்தலில் நிற்பான் என்ற கேள்வியையும் சேர்த்தே பிள்ளையிடம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இரண்டையும் தாங்குவார்கள்.

பிறகு உள்ளே என்ன நடந்தது என்பதை வந்து சொல்லுங்கள். முதல் அலுவலர் நம் பெயரை ஏன் உரக்கப் படிக்கிறார் தெரியுமா? ஆள் மாறாட்டம் என்றால் சுற்றி உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜெண்டுகள் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும் என்பதற்காக. எதிர்க்கட்சிக்காரரின் கண் அந்த அறைக்குள் இருப்பது நம் பாதுகாப்புக்குத்தான். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைக்கிறார். வெள்ளி நைட்ரேட் கலந்த அந்த மையை 1962-லிருந்து மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனம்தான் செய்து தருகிறது. தடுப்புக்குப் பின்னால் போய் பொத்தானை அழுத்தினால், பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் நாம் போட்ட சின்னத்தோடு ஒரு சீட்டு ஏழு விநாடி தெரிந்துவிட்டு விழுகிறது. அந்த ஏழு விநாடியைத் தவறவிடாமல் பார்க்கும் வாக்காளர்கள் எத்தனை பேர்? பிள்ளை கேட்குமே என்பதற்காகவாவது பார்ப்போம்.

தேர்தல் என்ற ஏற்பாடு எவ்வளவு கஷ்டப்பட்டு உருவானது என்பதையும் வரிசையில் நிற்கும்போது பேசலாம். 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்த முதல் பொதுத் தேர்தலில் வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்தார்கள். வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனபோது, பெரும்பாலும் வட மாநிலங்களில், லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. பெயர் இல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்று உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்கள் அந்தத் தேர்தலில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். அடுத்த தேர்தலுக்குள் பெயர்களைச் சேர்க்கும் வேலை தீவிரமாக நடந்தது. நம் வீட்டுப் பாட்டிகளும் கணவர் பெயரை வாயால் சொல்லாமல் வாழ்ந்தவர்கள்தான். ஆனால் ஓட்டுச் சாவடியில் அவர்களின் சொந்தப் பெயரை ஓர் அலுவலர் உரக்கப் படித்தார். பேத்திக்கு இதைப் பாட்டியே சொன்னால் எந்தப் பாடப்புத்தகமும் அதற்கு ஈடாகாது.

வீட்டுக்கு வரும் கவர்

இப்போது பேசக் கூச்சப்படுகிற விஷயத்துக்கு வருவோம். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, இரவில், தெருவில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வருகிறார். "உங்க வீட்டுல எத்தனை ஓட்டுண்ணே?" என்று கேட்கிறார். எண்ணிக் கொடுக்கிறார். கதவோரம் நின்று பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தலையே நிறுத்திய மாநிலம் நம்முடையது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல். 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி. இந்த வரலாற்றில் எந்தத் தமிழருக்கும் பெருமை இல்லை. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

"அது நம்ம பணம்தானே, வாங்கிக்கிட்டு நம்ம இஷ்டப்படி போடுவோம்" என்ற வாதம் எல்லாத் தெருவிலும் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குப் பஸ் பிடித்து வந்து ஓட்டுப் போடுகிறார். அவரை ஏசுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெரியவர்கள் அந்த வாதத்தின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள். பிள்ளையின் கண்ணில் முதல் பாதி மட்டுமே படுகிறது: ஒருவர் வந்தார், காசு கொடுத்தார், அப்பா வாங்கினார். மறுநாள் ஜனநாயகத்தைப் பற்றி எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அந்த இரவு அதை அடித்துவிடும். பிள்ளையை அரசியலுக்குள் அழைத்துப் போக விரும்பும் குடும்பம் முதலில் முடிவு செய்ய வேண்டியது இந்த ஒன்றை. பிள்ளை பார்க்கும்படி கவரைத் திருப்பிக் கொடுத்த ஒரு வீட்டில் வேறு எந்த வகுப்பும் நடத்த வேண்டியதில்லை.

கவருக்குப் பதிலாக வேறொரு காகிதத்தை வீட்டுக்குள் கொண்டுவரலாம். ஒவ்வொரு வேட்பாளரும் தன் சொத்து, கடன், கல்வி, தன் மேல் உள்ள குற்ற வழக்குகளைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளால் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த உரிமை இது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். நம் தொகுதியின் முக்கியமான நான்கு வேட்பாளர்களின் பத்திரத்தை எடுத்து, இரவுச் சாப்பாட்டின்போது படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டுகளில் சொத்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கழித்தல் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். வீட்டில் யார் யாருக்கு ஓட்டுப் போடுவது என்ற பேச்சு அதற்குப் பிறகு பழைய மாதிரி இருக்காது.

தோளில் உட்கார்ந்து பார்த்த கூட்டம்

2025 செப்டம்பர் 27 இரவு கரூரில் தமிழக வெற்றிக் கழகத்தின் பிரசாரக் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். பல மணி நேரம் காத்திருந்த கூட்டம் அது. திரையில் பார்த்த ஒரு முகத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், பெற்றோர் அழைத்துப் போனார்கள். அந்தப் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஐம்பது ஆண்டுகளாக இந்த மாநிலத்தில் எல்லாக் கட்சிகளும் கூட்டத்தின் அளவைக் காட்டித்தான் வலிமையைக் காட்டியிருக்கின்றன. அதில் பிள்ளையும் ஒரு தலைதான். தண்ணீர், கழிப்பறை, வெளியேறும் வழி, நேரம் இவற்றுக்கெல்லாம் கூட்டம் கூட்டுகிறவர்தான் பொறுப்பு.

ஆனால் அந்த இரவுக்குப் பிறகு எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோகக் கூடாது என்பதைக் குடும்பங்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளும் சட்டமாக வைத்துக்கொள்ள வேண்டும். இதில் அந்தக் கட்சி, இந்தக் கட்சி என்ற பேதம் வேண்டாம்.

2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கைக்குழந்தையோடு வந்து மணலில் உட்கார்ந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் சாப்பாட்டுப் பொட்டலமும் தண்ணீரும் கொடுத்தார்கள், குப்பையைத் தாங்களே பொறுக்கினார்கள். அதைப் பார்த்த பிள்ளைகள் அதிர்ஷ்டசாலிகள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதே கடற்கரையில் ஜனவரி 23 அன்று காலை போலீஸ் கூட்டத்தை வெளியேற்றத் தொடங்கியது. நகரின் பல இடங்களில் வன்முறை நடந்தது. உட்கார இடமும் எழுந்து போக வழியும் இருக்கிற வரை பிள்ளையை வைத்துக்கொள்ளலாம். போலீஸ் வண்டிகள் வரிசையாக வந்து நிற்கத் தொடங்கினால், நியாயம் யார் பக்கம் இருந்தாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

பிரசாரத்தில் பிள்ளைகளைப் பயன்படுத்துவது பற்றித் தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கண்டிப்பான உத்தரவு போட்டது. பேரணி, கோஷம், துண்டுப் பிரசுரம், போஸ்டர் ஒட்டுதல் எதிலும் பிள்ளைகளை ஈடுபடுத்தக் கூடாது. வேட்பாளர் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வது, வண்டியில் ஏற்றிக்கொள்வதுகூடக் கூடாது. கட்சிச் சின்னத்தைப் பிள்ளை கையில் கொடுத்துக் காட்டுவதும், பாட்டு, கவிதை, பேச்சு என்று பிள்ளை வாயால் சொல்லவைப்பதும் இதில் அடங்கும். பிரசாரத்தில் ஈடுபடாமல், பெற்றோரோடு வந்த பிள்ளை தலைவர் அருகில் நிற்க நேர்ந்தால் அது மீறல் ஆகாது என்றும் உத்தரவு சொல்கிறது. மூன்று வயதுப் பையனுக்குக் கறுப்புக் கண்ணாடியும் துண்டும் மாட்டி, "ஓட்டுப் போடுங்க" என்று சொல்லவைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் தாய்மாமன்மார்கள் இதைப் படிக்க வேண்டும். அந்தப் பையன் இன்னும் எந்தக் கட்சியையும் தேர்ந்தெடுக்கவில்லை.

மிட்டாய்க்குப் பிறகு

ஆகஸ்ட் 15-ம் ஜனவரி 26-ம் நம் பிள்ளைகளுக்குக் கொடியேற்றமும் மிட்டாயும்தான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை; மிட்டாய்க்காகவாவது காலையில் எழுந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். ஆனால் அந்தக் காலையில் ஒரு கேள்வியைப் போட்டுவைக்கலாம். சென்னையில் சுதந்திர தினத்தன்று கோட்டையில் கொடியேற்றுவது முதலமைச்சர், குடியரசு தினத்தன்று கடற்கரைச் சாலையில் கொடியேற்றுவது ஆளுநர். ஏன் இரண்டு பேர்?

1973 வரை சுதந்திர தினத்திலும் மாநிலங்களில் ஆளுநர்தான் கொடியேற்றினார். மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சருக்கு அந்த உரிமை வேண்டும் என்று மு. கருணாநிதி கேட்டார். பிரதமர் இந்திரா காந்தி ஒப்புக்கொண்டார். 1974 ஆகஸ்ட் 15 அன்று முதல் இந்தியாவின் எல்லா மாநில முதலமைச்சர்களும் கொடியேற்றுகிறார்கள். நியமிக்கப்பட்டவர் யார், தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார், மாநிலம் என்றால் என்ன, ஒன்றியம் என்றால் என்ன என்ற அத்தனையும் ஒரு கொடிக்கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

நார்வே நாட்டில் மே 17 அவர்களின் அரசியலமைப்பு நாள். 1814-ல் எழுதிய சட்டத்தைக் கொண்டாட, தலைநகர் ஆஸ்லோவில் பள்ளிப் பிள்ளைகள்தான் கொடியோடு ஊர்வலம் போகிறார்கள். அரச குடும்பம் அரண்மனை மாடத்தில் நின்று அவர்களுக்குக் கையசைக்கிறது. நாட்டின் பெரிய நாளில் பீரங்கி இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளைகளை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

நமக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. பள்ளியில் கொடியேற்றி முடித்துவிட்டு வந்தால், அதே ஊரில் ஆலமரத்தடியிலோ சமுதாயக் கூடத்திலோ பாய் விரித்திருப்பார்கள். 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் அரசியலமைப்பிலேயே இடம் கொடுத்த சபை அது. ஊரின் வாக்காளர்கள் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நாம் ஆள் அனுப்புகிறோம். இங்கே நாமே போய் உட்காருகிறோம்.

பிள்ளைக்கு அங்கே ஓட்டு இல்லை. ஆனால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வரவு செலவு கணக்கு படிக்கப்படுவதைக் கேட்கலாம். நூறு நாள் வேலைக்குச் சம்பளம் ஏன் வரவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா எழுந்து நின்று கேட்பதைப் பார்க்கலாம். அலுவலர் மழுப்புவதையும் பார்க்கலாம். "எங்க ஸ்கூல் பாத்ரூம்ல தண்ணி வரல" என்பதைப் பிள்ளை அம்மா காதில் சொல்லி, அம்மா எழுந்து சொல்லி, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறினால், அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க அரசாங்கத்தை வேறு விதமாகப் பார்க்கும். அடுத்த கிராம சபையிலும் தண்ணீர் வரவில்லை என்றால் மறுபடியும் கேட்கக் கற்றுக்கொள்ளும். நகரங்களில் பகுதி சபை என்று ஒன்றை 2022-லிருந்து தொடங்கியிருக்கிறார்கள். பெரும்பாலான நகரவாசிகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தங்கள் பகுதிக்கு எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேட்டாவது போகலாம்.

தோற்கக் கற்பது

வாக்கு எண்ணிக்கை நாள் ஒன்றில்தான் பிள்ளைகளை நாமாகவே சேர்த்துக்கொள்கிறோம். காலை எட்டு மணிக்கு டி.வி. முன்னால் வீடே உட்கார்ந்துவிடும். "லீடிங் யாரு?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். தாத்தா ஒரு கட்சி, சித்தப்பா ஒரு கட்சி. மதியத்துக்குள் யாரோ ஒருவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்த வெளியே போகிறவரைத்தான் பிள்ளை உற்றுப் பார்க்கிறது. தோற்றவர் என்ன செய்கிறார்? மெஷினைத் திட்டுகிறாரா, மக்களை முட்டாள் என்கிறாரா, "சரி, அடுத்த தடவை பாப்போம்" என்று சாப்பிட உட்காருகிறாரா?

1967-ல் விருதுநகரில் காமராசர் தோற்றார். அகில இந்திய காங்கிரஸின் தலைவர், இரண்டு பிரதமர்கள் வருவதற்குக் காரணமாக இருந்தவர், ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தவர், தன் சொந்த ஊரில், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம், 1,285 ஓட்டில் தோற்றார். முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார். இருபது ஆண்டு ஆண்ட கட்சி அமைதியாகக் கோட்டையை விட்டு இறங்கியது; மார்ச் 6 அன்று அண்ணா முதலமைச்சர் ஆனார். பத்து ஆண்டு கழித்து, நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்று, பதவி விலகினார். 1996-ல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா பர்கூரில் தோற்றார். ஐந்து ஆண்டில் அவர் கட்சி மறுபடியும் ஆட்சிக்கு வந்தது. ஜெயித்தவர்களின் கதைகளைப் பிள்ளைகளுக்கு நிறையச் சொல்லியிருக்கிறோம். ஆட்சியில் இருப்பவர்கள் தோற்றதும் வீட்டுக்குப் போகிறார்கள் என்ற இந்த வழக்கம் எத்தனையோ நாடுகளில் இல்லை. எண்ணிக்கை நாளில் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் இதற்குத்தான் முதலிடம்.

17 வயதில்

1989-க்கு முன்பு ஓட்டுரிமைக்கு 21 வயது ஆக வேண்டும். 61-ஆவது திருத்தம் அதை 18 ஆக்கியது. இப்போது 17 முடிந்தவுடனே படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள். அவற்றில் எந்த நாளில் 18 நிரம்பியிருக்கிறதோ அதற்கேற்பப் பெயர் ஏறும். பிளஸ் டூ முடித்த கையோடு கல்லூரிக்கு வேறு ஊர் போகிற பிள்ளைகள்தான் இதில் விட்டுப்போகிறார்கள். நீட், கவுன்சலிங், ஹாஸ்டல் என்று அலைகிற அந்தக் கோடையில் இந்தப் படிவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்காக நீங்கள் நிரப்ப வேண்டாம். தன் பெயரை, தன் கையால், பிழையில்லாமல் அவர்களே எழுதட்டும். பட்டியல் வெளியானதும் பெயர் இருக்கிறதா என்று அவர்களே தேடிப் பார்க்கட்டும்.

பிறகு ஒரு நாள் அந்தப் பிள்ளை உங்களோடு வரிசையில் நின்று, உள்ளே போய், விரலில் மையோடு வெளியே வரும். பத்து ஆண்டுகளாக அதனிடம் எல்லாவற்றையும் பேசியிருப்பீர்கள், பிரமாணப் பத்திரம் படித்திருப்பீர்கள், கிராம சபையில் உட்கார்ந்திருப்பீர்கள். அந்த உரிமையில், "யாருக்கும்மா போட்ட?" என்று கேட்க வாய் வரும். கேட்காதீர்கள். வாக்கின் ரகசியத்தைக் காக்கும் சட்டம் தேர்தல் அலுவலருக்கும் முகவருக்கும் எழுதப்பட்டதுதான். ஆனால் நம் வீடுகளில் மகளின் ஓட்டு அப்பாவின் ஓட்டாகவும், மருமகளின் ஓட்டு மாமனாரின் ஓட்டாகவும் எண்ணப்பட்டு வந்திருக்கிறது. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொன்னது உங்கள் கட்சி இல்லை என்றாலும், ஏன் என்று அவள் சொல்வதை முடியும் வரை கேளுங்கள்.